கூடிநின்று கலைந்துபோகிறோம்

“பின்னால வந்து இடிச்சவன் மேலதான் தப்பு.” விபத்து நடந்த இடத்தில் கூடும் நாம் சட்டென்று சொல்லிவிடும் தீர்ப்பு இது. முன்னால் போன வண்டி ஏன் நின்றது, பிரேக் விளக்கு எரிந்ததா, லாரியை இருட்டில் விளக்கில்லாமல் நிறுத்தியிருந்தார்களா என்று நாம் கேட்பதில்லை. கண்ணால் பார்த்தவர்களும் வாய் திறப்பதில்லை. சற்று நேரத்தில் அவரவர் வழியில் கலைந்துவிடுகிறோம்.

2017 ஜனவரியில் கோவையில் பைக்கில் போன பொறியியல் மாணவர் ஒருவர், முன்னால் சென்ற கார் திடீரென்று நின்றதால் அதன் பின்புறம் மோதி விழுந்தார். பின்னால் வந்த பேருந்து அவர்மேல் ஏறியது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என மூன்றும் பொறுப்பை மூன்று விதமாகப் பிரித்தன. நெடுஞ்சாலையில் சைகை காட்டாமல் வண்டியை நிறுத்தியதே முதல் காரணம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கார் ஓட்டியவர்மேல் 50 விழுக்காடு, பேருந்தின்மேல் 30, மாணவர்மேல் 20. பின்னால் இடித்தவர்மேல் நாம் மொத்தமாகச் சுமத்தும் பழியில் ஐந்தில் ஒரு பங்குதான் அவருடையது. இந்தக் கணக்கு தீர எட்டரை ஆண்டுகள் ஆயின.

உதவ முன்வந்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்பது நாம் சொல்லும் சாக்கு. அந்தச் சாக்கும் இப்போது செல்லாது. விபத்தில் உதவுபவரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலு தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பெயரைச் சொல்லும்படி உதவியவரை வற்புறுத்த முடியாது. இவ்வளவு இருந்தும் நாம் முன்வரவில்லை.

நாம் செய்யும் இன்னொரு தீங்கு, “பேசி முடிச்சுக்குங்க” என்று மத்தியஸ்தம் செய்வது. பின்னாலிருந்து மோதும்போது கழுத்து வெட்டி இழுக்கப்படுகிறது. அந்த வலி சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத் தலைகாட்டலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதற்குள் பம்பருக்கு விலை பேசி, கையில் சில ஆயிரங்களைத் திணித்து, எஃப்.ஐ.ஆர். இல்லாமல் அனுப்பிவிடுகிறோம். பிறகு அவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்?

அவருக்குக் காலமும் அதிகமில்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, காயம்பட்டவர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். படித்த நம்மில் எத்தனை பேர் இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கிறோம்?

சொல்லாததோடு நிற்கவில்லை. மனுப் போட்டவரை “கேஸ் போட்டுக் காசு பாக்குறான்” என்று ஏசவும் செய்தோம். ஊனத்தின் விழுக்காடு வேறு, பிழைப்பில் விழுந்த இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே விளக்கியிருக்கிறது. கையை இழந்த எழுத்தர் வேலையில் தொடரக்கூடும். கையை இழந்த தச்சருக்குத் தொழிலே போய்விடும். அவர் கேட்பது போன சம்பாத்தியத்தை. அதைக் கொடுக்கத்தான் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கியது. அதையும் புதுப்பிக்காமல் வண்டி ஓட்டுகிறவர்கள் நம்மில்தான் இருக்கிறார்கள்.

காயம்பட்டவரை நாம் தனியே விட்டோம். வழக்கை நடத்துவது வக்கீலின் வேலை. வண்டிகள் நின்ற நிலையைப் படமெடுத்து வைப்பதும், பார்த்ததைப் பார்த்தபடி போலீசிடம் சொல்வதும், ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்கச் சொல்வதும் நம் வேலை. இதற்குப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம்; அரைமணி நேரம் அங்கே நின்றால் போதும். அந்த அரைமணி நேரத்தைக்கூடக் கொடுக்காத நமக்கு, வழக்கு இழுத்தடிக்கிறது என்று நீதிமன்றத்தைக் குறை சொல்லும் தகுதி இல்லை.