பெயருக்கு ஒரு விலை

பிரான்ஸ் தேசத்தில் கல்யாணமென்றால் ஷாம்பேன் புட்டி திறப்பது வழக்கம். சொற்ப வருமானக்காரர் என் செய்வார்? நாம் மதுவைத் தொட்டதில்லை. ஆயினும் சிக்கனப் பாடம் எந்தக் கடையில் கிடைத்தாலும் கற்கலாமல்லவா?

ஷாம்பேன் என்பது ஒரு பிரதேசத்தின் பெயர். அங்கே விளைந்த திராட்சையின் மதுவுக்கே சட்டப்படி அப்பெயர் உண்டு. லுவார், பர்கண்டிப் பிரதேசத்தாரும் அதே முறையில் மதுவைப் புட்டிக்குள்ளேயே மறுபடி புளிக்கவிட்டு நுரை உண்டாக்குகிறார்கள். 1975-ல் அதற்குக் ‘கிரெமான்’ என்ற பெயர் சட்டத்தில் ஏறியது. ஷாம்பேன் குறைந்தது 12 மாதம் வண்டலோடு கிடக்க வேண்டும். கிரெமானுக்கு 9 மாதம் போதும். விலையோ, பாதிக்கும் கிடைப்பதுண்டு.

அந்த மூன்று மாத வித்தியாசத்தை நாக்கினால் அறியக்கூடியவர் ஷாம்பேனே வாங்கட்டும். மற்றவர்கள் மிஞ்சிய பணத்தில் மணப்பெண்ணுக்கு ஒரு நல்ல பாத்திரம் வாங்கித் தரலாம்.