ஆய்வேடு இருக்கிறது, நிரல் எங்கே?

1989இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' விளையாட்டின் மூலநிரல் தொலைந்ததென்றே ஜோர்டன் மெக்னர் கருதியிருந்தார். 2012இல் அவருடைய தந்தை கண்டெடுத்த பழம்பெட்டியில் நெகிழ்வட்டுகள் கிடைத்தன. வல்லுநர்கள் அவற்றைப் படித்தெடுக்க, நிரல் கிட்ஹப்பில் ஏறியது. நம் ஆய்வகங்களுக்கு அத்தகைய தந்தையர் வாய்ப்பதில்லை. மாணவர் பட்டம் பெற்று வெளியேறுகையில் மடிக்கணினியோடு நிரலும் போய்விடுகிறது. எஞ்சுவது 'இறுதி_புதியது_2' என்னும் கோப்புறை, அதுவும் நல்வினை இருந்தால்.

2009ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறை மின்வடிவைக் கட்டாயமாக்கியதால் ஆய்வேடுகள் சோத்கங்காவில் சேர்கின்றன. அவற்றின் அட்டவணைகளை ஈன்ற நிரலைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

மீட்ட கோப்புகளைப் பிழைகளோடு அப்படியே முதல் கமிட்டாக இட்டு, திருத்தங்களைப் பின்னரே தனித்தனியாகப் பதிய வேண்டும். சீர்செய்தபின் இடுவோர் அறியாமலே சான்றை அழிக்கின்றனர். கிட் களஞ்சியத்தின் முகவரியை வாய்மொழித் தேர்வுக்கு முன்பே நூலகம் கேட்டுப் பெறட்டும்.