உரிமம் யாருக்குக் கேடயம்?



இணையவழிச் சூதாட்ட விடுதிக்காரர்கள் தம் வாசலில் கட்டிவைக்கும் வாழைமரம் ஒன்று உண்டு. அதன் பெயர் உரிமம்! திரையின் அடியில் ஒரு முத்திரை, அதனருகே ஓர் எண். கண்டவுடனே ஐயம் பறந்துவிடுகிறது, பணப்பை திறந்துகொள்கிறது. உரிமம் தந்தது எந்த அரசு, எவருக்குத் தந்தது, நாளை பணம் போனால் பதில் சொல்பவர் யார் என்று கேட்பார் எத்தனை பேர்?

கரீபியக் கடலில் குராசவோ என்றொரு தீவு. நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்டது. பரப்பு 444 சதுர கிலோமீட்டர். 1993-இல் அங்கே இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் நிழலில் நான்கு நிறுவனங்கள் தலைமை உரிமம் பெற்றன. அந்த நால்வரோ உலகெங்குமுள்ள சூதாட்டக்காரர்களுக்குத் துணை உரிமங்களை வாரி வழங்கினர். பண்ணையாரிடம் குத்தகை எடுத்தவன் உள்குத்தகை விட்ட கதைதான்! உள்குத்தகைக்காரன் ஏய்த்தால் பண்ணையார் பதில் சொல்வாரா? கொரோனாக் காலத்தில் கடனுதவி நாடிய தீவிடம், இந்த முறையைத் திருத்து என்று நெதர்லாந்து நிபந்தனை விதித்தது. ஒவ்வொரு நிறுவனமும் அரசிடமே நேராக உரிமம் பெறவேண்டும் என்ற புதிய சட்டம் 2024 டிசம்பரில்தான் நிறைவேறியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய கண்காணிப்பு, கடன்காரன் தட்டியெழுப்பிய பிறகே விழித்தது!

சின்னஞ்சிறு தீவு, அப்படித்தான் இருக்கும் என்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடான மால்டாவைப் பாருங்கள். அந்நாட்டு உரிமம் பெற்ற நிறுவனங்களிடம் பணம் தோற்ற ஆஸ்திரியர்களும் ஜெர்மானியர்களும், எங்கள் நாட்டில் இவர்களுக்கு அனுமதி இல்லை, ஆகவே பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று தம் நீதிமன்றங்களில் வாதாடி வென்றனர். மால்டா என்ன செய்தது? அத்தகைய தீர்ப்புகளைத் தன் மண்ணில் ஏற்கலாகாது என்று 2023-இல் சட்டமே இயற்றிவிட்டது! உரிமம் என்னும் கேடயம் விடுதிக்காரனின் மார்புக்கே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கட்டுப்பாடு மிகுந்தது எனப் பேசப்படும் பிரிட்டனிலும், சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்றிருந்த ஃபுட்பால் இண்டெக்ஸ் 2021 மார்ச்சில் கவிழ்ந்தபோது, வாடிக்கையாளர்களின் ஏறத்தாழ 9 கோடி பவுன் பந்தயப் பணம் அதில் சிக்கியது.

கணக்குப் பாதுகாப்பு என்கிறார்களே, அது வேறு கதை. 2022 நவம்பரில் அமெரிக்காவின் டிராஃப்ட்கிங்ஸ் பந்தய நிறுவனத்தின் கணக்குகளில் திருடர் புகுந்தனர். பூட்டை உடைத்தல்ல, வேறெங்கோ களவுபோன கடவுச்சொற்களை இங்கும் போட்டுப் பார்த்து! ஒரே சாவியைப் பல வீடுகளுக்கு வைத்திருந்தோர் அகப்பட்டனர். ஏறத்தாழ 1,600 கணக்குகளிலிருந்து சுமார் 6 இலட்சம் டாலர் பறிபோயிற்று. கணக்கொன்றுக்குத் தனிக் கடவுச்சொல்லும், கைபேசிவழி இரண்டாம் சரிபார்ப்பும் இத்தகைய கள்வனைத் தடுக்கும். ஆனால் வீட்டுக்காரனே கள்வனானால்? பணம் கட்டும்போது கேள்வி கேட்காதவன், வென்ற பணத்தை எடுக்கும்போது அடையாளச் சான்று கொண்டுவா, வங்கிக் கணக்கைக் காட்டு என்று இழுத்தடிக்கிறான். சான்றுகளும் அவன் கையில், பணமும் அவன் கையில். எந்தப் பூட்டு இங்கே காக்கும்?

இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. கடல் கடந்து அமர்ந்து இந்தியரை ஆட அழைப்போருக்கும் அது பொருந்தும். குராசவோ முத்திரையைக் காட்டி, இது சட்டப்படியானது அண்ணே என்று வாதிடும் இளைஞரை நம் கழகத் தோழர்கள் தெருவில் சந்திக்கக்கூடும். சினம் கொள்ளவேண்டாம். பணம் வராது போனால் எந்த ஊர்க் காவல் நிலையத்தில், யார் பெயரைச் சொல்லிப் புகார் எழுதுவாய் தம்பி என்று மட்டும் கேளுங்கள்.