அடிக்கல்லுக்கும் கூரைக்கும் நடுவே

பாப்பாரப்பட்டி என்றதும் யார் நினைவு வருகிறது? தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவுதான்!

சிறையிலே தொழுநோய்க்கு ஆளானவர். ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளையர் அரசாங்கம் தடுத்தது. கால்நடையாகவே ஊர் ஊராகப் போனார். கடைசியில் இந்த ஊரில் பாரதாசிரமம் கண்டார். பாரத மாதாவுக்கு ஒரு கோவில் எழுப்ப ஆசைப்பட்டார். 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925-ல் சிவா இதே ஊரில் கண்மூடினார்.

பாரத மாதா நினைவாலயம் திறக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2021-ல்! நடுவே 98 ஆண்டுகள் ஓடிவிட்டன.

கோவில் காத்திருக்கலாம். பள்ளிக்கூடம் காத்திருக்க முடியுமா? ஆறாம் வகுப்பில் சேரும் சிறுமி ஏழே ஆண்டுகளில் பள்ளியை விட்டுப் போய்விடுவாள். அவள் போன பிறகு ஆய்வுக்கூடம் கட்டி அவளுக்கு என்ன பயன்?

தருமபுரி மாவட்டத்துக்கு இது பெரிய கேள்வி. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இதுதான். பெண்களில் 100-க்கு 60 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. அந்தத் தாய்மார்களின் பிள்ளைகள்தான் இன்று மேல்நிலைப் பள்ளிக்கு வருகிறார்கள். வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றே கதி.

எது முதலில்?

அறிவிப்புக்குக் குறைவில்லை. 2022-ல் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய். 18,000 புதிய வகுப்பறைகள். கணினி அறையும், திரையில் பாடம் காட்டும் வகுப்பும் வந்துகொண்டிருக்கின்றன. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஒழுகும் கூரைக்குக் கீழே கணினி வைத்தால் என்ன ஆகும்?

மொட்டை மாடியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது. அது மெல்ல உள்ளே இறங்குகிறது. இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு ஏறிய கம்பி பருக்கிறது. பருத்ததும் காரை பெயர்ந்து, கீழே இருக்கும் பிள்ளையின் தலையில் விழுகிறது. தொடக்கத்தில் ஒரு துடைப்பம் போதும். விட்டுவிட்டால் கட்டடத்தையே இடிக்க வேண்டும்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அதன்பின் மாநிலமெங்கும் பழுதான கட்டடங்களை இடிக்க உத்தரவு பறந்தது. நல்லதுதான். ஆனால் இடிப்பது ஒரு நாள் வேலை. புதுக் கட்டடம் வரும் வரை பிள்ளைகள் மரத்தடியிலா உட்காருவது? இடிக்கும் தேதியைச் சொல்லும்போதே கட்டி முடிக்கும் தேதியையும் சொல்ல வேண்டும்.

கூரைக்கு அடுத்தது கழிப்பறை. இதைப் பேசக் கூச்சப்படக் கூடாது. தண்ணீர் வராத கழிப்பறைக்குப் பயந்து, வயது வந்த பெண் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். பிறகு மாதத்தில் மூன்று நாள் வர மாட்டாள். பிறகு நின்றே விடுவாள். அப்புறம் என்ன? கல்யாணப் பேச்சுதான்!

ஆய்வுக்கூடத்துக்குப் பாப்பாரப்பட்டியில் ஒரு வசதி உண்டு. வேளாண் அறிவியல் நிலையம் ஊரிலேயே இருக்கிறது. மண்ணையும் விதையையும் சோதிப்பதை மாணவர்கள் அங்கே கண்ணால் பார்க்கலாம். இதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை.

ஊர் கை கொடுத்த கதை

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதல் மாநாடு 1958-ல் கடம்பத்தூரில். ஊரார் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், கடிகாரம்கூடக் கொடுத்தார்கள். அதற்காக அரசாங்கத்தின் வேலையை ஊரார் தலையில் கட்டிவிடக் கூடாது. கூரை அரசாங்கத்தின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவது ஊரின் பொறுப்பு.

கேட்க இடமும் இருக்கிறது. 2024-ல் திருத்தி அமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுவில் 24 பேர். பெற்றோரும் உண்டு, பழைய மாணவரும் உண்டு. அடுத்த கூட்டத்துக்குத் தாய்மார்கள் அவசியம் போங்கள். கூரை எப்போது செப்பனிடப்படும், கழிப்பறைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேளுங்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள்.