தண்ணீரில் கண்டமா?

2009 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை அழைத்துக்கொண்டு செந்தோசா கோவ் படகுத்துறைக்குப் போயிருந்தேன். வோல்வோ பெருங்கடல் பந்தயத்தின் பாய்மரப் படகுகள் அங்கே நின்றன. அந்த மாதம் 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவை சீனாவின் சிங்டாவ் நகரை நோக்கிப் புறப்பட இருந்தன. இந்தப் பந்தயம் சிங்கப்பூருக்கு வந்தது அதுவே முதல் முறை. கூட வருமாறு நண்பர்கள் நான்கு பேரிடம் கேட்டேன். மூவருக்கு வேறு வேலை இருந்தது. நான்காமவள், “அது பணக்காரங்க விஷயம்டி” என்றாள். வர ஒப்புக்கொண்டவர் 75 வயது தாத்தா மட்டும்தான்.

பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகச் சில வரிகள். 1973இல் வேறு பெயரில் தொடங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவரும் உலகைச் சுற்றும் பந்தயம் இது. முன்பெல்லாம் படகுகள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, குளிர்ந்த தென்கடல் வழியாக ஓடிவிடும். ஆசியாவின் பக்கம் வருவதில்லை. அம்முறை ஸ்பெயினின் அலிகாந்தே நகரில் 2008 அக்டோபரில் தொடங்கி, கேப் டவுன், கொச்சி, சிங்கப்பூர், சிங்டாவ் என்று பாதையை மாற்றியிருந்தார்கள். மொத்தம் சுமார் 37,000 கடல் மைல். முடிந்தது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்.

படகு ஒவ்வொன்றும் 70 அடி நீளம். ஆட்கள் 11 பேர். அவர்களில் ஒருவரின் வேலை படம் எடுத்துச் செய்தி அனுப்புவது. இயந்திரத்தின் உதவியில்லாமல், காற்றை மட்டும் நம்பி எரிக்சன் 4 என்ற படகு 2008 அக்டோபரில் 24 மணி நேரத்தில் 596 கடல் மைல் ஓடியது. அதாவது ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். இங்கிருந்து பினாங்குக்குச் சாலை வழியாகப் போவதைவிட மிக அதிகத் தூரம். அதன் தலைவர் டோர்பென் கிரேல் பிரேசில் நாட்டுக்காரர், ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கங்கள் வென்றவர்.

இதையெல்லாம் தாத்தாவிடம் ஒப்பித்தேன். அவர் கேட்டதோ வேறு. “எங்க படுப்பாங்க? என்ன சாப்பிடுவாங்க?”

படகின் உள்ளே ஏற முடியாது. ஆனாலும் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். படுக்கைகள் ஆளுக்கு ஒன்று கிடையாது. ஒருவர் காவல் முறைக்கு எழுந்து போனதும் அதே படுக்கையில், சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் படுத்துக்கொள்வார். எடையைக் குறைக்க உலர்த்திய உணவுதான். கடல்நீரை நன்னீராக்கி அதில் கலந்து சாப்பிடுவார்கள். கொச்சியிலிருந்து இங்கே வரும் வெப்ப மண்டலப் பாதையில் படகின் உள்ளறை அடுப்பு மாதிரி கொதிக்கும். தாத்தா தலையசைத்தார். “ராஜுலால நாங்களும் அப்படித்தான் வந்தோம். என்ன, சோறு சூடா குடுத்தாங்க” என்றார்.

தாத்தா 1951இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறியவர். அப்போது வயது 17. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் நின்று நின்று வந்து சேர்ந்தார். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய கிள்ளான் துறைமுகம். அவர் வந்ததும் வங்கக் கடலையும் மலாக்கா நீரிணையையும் கடந்துதான். இந்தப் படகுகள் டிசம்பர் 13ஆம் தேதி கொச்சியிலிருந்து கிளம்பி, இலங்கையின் தெற்கே திரும்பி, சுமத்ராவின் வடமுனையில் உள்ள வே தீவைத் தாண்டி, அதே நீரிணைக்குள் நுழைந்தன. 1,950 கடல் மைல். டெலிஃபோனிகா புளூ முதலில் வந்தது. திறந்த கடலில் பறக்கும் படகுகள் நம் நீரிணையில் தடுமாறிப்போயின. காற்று விட்டுவிட்டு வீசும். விளக்கில்லாத மீன்பிடிப் படகுகள், வலைகள், மிதக்கும் மரக்கட்டைகள், குப்பை, நடுவே வரிசை பிடித்துச் செல்லும் சரக்குக் கப்பல்கள். நாம் தினமும் ரயிலிலும் பேருந்திலும் முதுகைக் காட்டிக்கொண்டு போகும் கடல் அது.

தாத்தா படகுகளைப் பார்த்து முடித்துவிட்டுத் தெற்குப் பக்கம் திரும்பி நின்றார். கடலில் சின்னச் சின்னத் தீவுகள் தெரிந்தன. ஒன்றைக் கைகாட்டி, “அங்கதாம்மா எங்கள இறக்கி வச்சாங்க. அம்மை கிம்மை இருக்கான்னு பாத்து, மருந்தடிச்சு, அப்புறம்தான் ஊருக்குள்ள விட்டாங்க” என்றார். செயின்ட் ஜான்ஸ் தீவு. கப்பலில் மேல்தளப் பயணிகளாக வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த இடம். பள்ளியில் வரலாறு படித்திருக்கிறேன். அந்தத் தீவுக்கு ஒருமுறை சுற்றுலா போயிருக்கிறேன். என் தாத்தா அங்கே படுத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் துறைமுகத்திலேயே மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்து, 30 ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தார்.

கடலில் வந்து, கடலோரத்தில் உழைத்தவரின் வீட்டில் இன்று நீந்தத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. நான் உட்பட.

தொடக்கநிலை நான்கில் நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் தாள் வந்தது. அம்மா கையெழுத்துப் போடவில்லை. ஊரில் ஜோசியர், “பிள்ளைக்குத் தண்ணியில கண்டம்” என்று சொல்லியிருந்தாராம். உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை தேர்ந்தெடுக்கும்போதும் நீர் விளையாட்டுகள் பக்கமே நான் போகவில்லை. கறுத்துப்போவேன் என்று அத்தை வேறு சொன்னார். இந்த வரிகளைப் படித்துச் சிரிக்கும் உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே ‘கண்டம்’ இருக்கிறது என்று கேட்க ஆசை. தண்ணீரில் கண்டம் என்றால் முதலில் நீச்சல்தானே கற்றுத்தர வேண்டும்?

ஆனால் மேடை ஏறினால் நமக்குக் கடல் வேண்டும். கடாரம் கொண்ட சோழன் வேண்டும். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் இந்தக் கடலைக் கடந்து வந்ததைப் பேச்சுப் போட்டியில் நானும் முழங்கியிருக்கிறேன், பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘கட்டமரான்’ என்று உலகமே சொல்வது நம் கட்டுமரம்தான் என்று மார்தட்டியும் இருக்கிறேன். (செந்தோசாவில் நின்றவை கட்டுமரங்கள் அல்ல, ஒற்றை உடல் கொண்டவை. அதுகூட அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.) ஒரு துடுப்பைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் அந்தப் பெருமையைப் பேசியதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

“பணக்காரங்க விஷயம்” என்று தோழி சொன்னது முழுப் பொய் அல்ல. இந்தப் பந்தயத்தில் ஓடும் பணம் பெரிய பணம். அதுவே சிக்கலாகவும் ஆகிவிட்டது. உலகப் பொருளாதாரம் சரிந்திருந்த நேரத்தில் ரஷ்ய அணியிடம் தொடர்ந்து செல்லப் பணமில்லாமல் போனது. இங்கே வந்து சேர்ந்ததோடு பந்தயத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆட்குறைப்புச் செய்தி நாள்தோறும் வந்த வேளையில் விளம்பரப் பெயர் பொறித்த படகுகளுக்கு இவ்வளவு செலவா என்று கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. படகுத்துறையைச் சுற்றியுள்ள வீடுகளைப் பார்த்தால் அந்தக் கேள்வி இன்னும் வலுக்கும்.

ஆனால் பாய்மரம் என்றால் 70 அடிப் படகு மட்டுமா? கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் உள்ள தேசியப் பாய்மரப் படகோட்ட நிலையத்தில் பிள்ளைகள் ஓட்டிப் பழகும் ஆப்டிமிஸ்ட் படகின் நீளம் இரண்டரை மீட்டர்கூட இல்லை. அப்படிச் சிறிய படகில் தொடங்கிய சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார்கள். 2010இல் இளையர் ஒலிம்பிக் போட்டிகள் இங்கே நடந்தபோது பாய்மரப் போட்டியும் இருந்தது. மக்கள் கழகத்தின் நீர் விளையாட்டு நிலையங்களில் கயாக் பழகவும் வாய்ப்பிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் செலவு உண்டுதான். ஆனால் நம் வீடுகளில் துணைப்பாட வகுப்புகளுக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு “பணக்காரங்க விஷயம்” என்று சொல்லுங்கள்.

விளையாட்டை விடுங்கள், வேலையைப் பாருங்கள் என்பவர்களுக்கும் ஒன்று உண்டு. இந்த ஊர் பிழைப்பதே கடலால்தான். சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடல்துறைக்கென்றே தனிக் கழகம் இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடல்துறைப் பட்டப்படிப்பு 2004 முதல் இருக்கிறது. என் தொடக்கக் கல்லூரித் தமிழ் வகுப்பிலிருந்து அங்கே போனவர் யாருமில்லை. விண்ணப்பிக்கலாமா என்று யோசித்தவரும் இல்லை. மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல், அவ்வளவுதான் நாங்கள் போட்ட பட்டியல். தாத்தா தலைமுறை மூட்டை தூக்கிய துறைமுகத்தை நடத்தும் நாற்காலியில் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? பள்ளித் தமிழ் மொழிக் கழகங்கள் அருங்காட்சியகத்துக்கும் நாடகத்துக்கும் அழைத்துப்போகின்றன. ஒருமுறை படகுத்துறைக்கும் அழைத்துப்போகட்டும். ஆசிரியர்கள் பயணத்துக்கான அனுமதித் தாளைத் தமிழிலும் அடித்தால் எங்கள் அம்மாக்களுக்கு மறுப்பது கொஞ்சம் கடினமாக இருக்கும்.

ஞாயிறன்று புறப்பட இருந்த படகுகளுக்கு வழி எளிதல்ல. தென்சீனக் கடலில் வாடைக்காற்று அப்போது எதிர்முகமாக வீசியது. வியர்த்து ஒழுகும் நம் ஊரிலிருந்து உறையும் குளிருக்குள் சுமார் 2,500 கடல் மைல் முட்டி மோதிப் போகவேண்டியிருந்தது. மார்கழியிலும் தையிலும் அந்தப் பக்கம் கடல் பொல்லாதது என்று தாத்தா சொன்னார். துறைமுகத்தில் கேட்ட கதைகளாம். மறுபடியும் அழைத்துப்போகிறாயா என்று பின்னர் அவரே கேட்டார். வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டியிருந்தது. பழைய தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் அடுத்த மாதம் பல்கலைக்கழக இடைவேளை வாரத்தில் நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர் என்பதால் இந்நேரம் தெரிந்திருக்கும்.