தளிர்க் காலத்தில் களைக்கொல்லி கூடாது

தை பிறந்துவிட்டால் பத்மநாபபுரத்திலிருந்து குலசேகரம் போகும் வழியெங்கும் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். அடுத்த சில வாரங்களில் செம்பழுப்புத் தளிர் விடும். ரப்பர் தேன் பூவில் ஊறுவது அல்ல. தளிர்க்காம்பு மூன்று சிற்றிலைகளாகப் பிரிகிற இடத்தில் உள்ள சுரப்பிகளில் ஊறுவது. மாசி, பங்குனியில் கிடைக்கும் அந்தத் தேனை நம்பித்தான் குமரி மாவட்டத் தேனீ வளர்ப்போர் ஆண்டு முழுவதும் பெட்டிகளைக் காக்கிறார்கள். பருவமழை மாதங்களில் சர்க்கரைப் பாகு வைத்து ஈக்களை உயிரோடு வைத்திருப்பதும் இந்த இரண்டு மூன்று மாதங்களுக்காகவே.

அந்த மரங்களின் அடியில் களைக்கொல்லி அடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அதில் முதன்மையானது கிளைபோசேட். தளிர் விடும் காலத்திலாவது இதைத் தோட்டங்களிலிருந்து முழுமையாக விலக்கி வைக்க வேண்டும் என்று கோருகிறோம். காரணம் தேனீயின் குடலுக்குள் இருக்கிறது.

கூட்டறையை உடைத்து வெளியே வரும் வேலைக்காரத் தேனீயின் குடலில் நுண்ணுயிரி ஏறக்குறைய இல்லை. கூட்டின் மூத்த ஈக்களோடு பழகி, சில நாள்களில் அது தன் பங்கைப் பெற்றுக்கொள்கிறது. மொத்தம் எட்டு ஒன்பது பாக்டீரியா வகைகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. கில்லியமெல்லா என்பது மகரந்தத்தின் உறையில் உள்ள பெக்டினைச் சிதைத்துத் தருகிறது. ஸ்னாட்கிராசெல்லா குடல்சுவரின் மேல் படலமாகப் படிந்து, நோய்க்கிருமிக்கு இடம் கொடுக்காமல் காவல் நிற்கிறது. வெளிநாட்டு மேற்குத் தேனீயிடம் கண்ட இந்த முக்கியக் குழுக்கள் நம் இந்தியத் தேனீயின் குடலிலும் உள்ளன. தாய் சேய்க்குச் சீம்பால் கொடுப்பது போல, ஒரு கூடு தன் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் சொத்து இது.

கிளைபோசேட் விற்பனைக்கு வந்தபோது சொல்லப்பட்ட உறுதிமொழி எளிமையானது. ஷிகிமேட் என்னும் வேதிவழியில் ஒரு நொதியை அது அடைக்கிறது. அந்த வழி செடிகளுக்கு உண்டு, விலங்குகளுக்கு இல்லை. ஆகவே விலங்குக்குக் கேடில்லை. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் விலங்கின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு அதே வேதிவழி உண்டு. உறுதிமொழி கொடுத்தவர்கள் விலங்கைத் தனியாளாக எண்ணிவிட்டார்கள்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் நான்சி மோரன் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. வயல்வெளியில் தேனீ சந்திக்கக்கூடிய அளவு கிளைபோசேட்டைச் சர்க்கரைப் பாகில் கலந்து கொடுத்தார்கள். தேனீக்கள் உடனே சாகவில்லை. அவற்றின் குடலில் ஸ்னாட்கிராசெல்லா குறைந்தது. பிறகு செராஷியா என்ற நோய்க்கிருமியை ஏற்றியபோது, கிளைபோசேட் உண்ட இளந்தேனீக்களே மிகுதியாக மடிந்தன. 2017-இல் இதே குழு டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்துப் பார்த்தபோதும் முடிவு இதே திசையில்தான் இருந்தது: குடல் நுண்ணுயிரிகள் அருகின, கூட்டுக்குத் திரும்பிய ஈக்களில் பிழைத்தவை குறைவு. நோய்க்கு மருந்து என்று பெட்டிக்குள் நுண்ணுயிர்க்கொல்லி வைக்கும் பழக்கத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

இவை மேற்குத் தேனீயை வைத்துச் செய்த சோதனைகள். எல்லா ஆய்வுகளும் ஒரே அளவு பாதிப்பைக் காட்டவும் இல்லை. ஆனால் ஒரு பொருளைத் தேனீக்குப் பாதுகாப்பானது என்று அறிவிக்கும் முறை, பெரும்பாலும் எத்தனை ஈக்கள் செத்தன என்று எண்ணுவதோடு நின்றுவிடுகிறது. கூடு மெலிவதை அந்தக் கணக்கு பிடிக்காது.

குமரி மாவட்டத்துக்குக் கூடு மெலிவது என்றால் என்ன என்று தெரியும். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்ற மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலிருந்து இங்கே பெட்டியில் தேனீ வளர்க்கிறார்கள். 1991, 1992-இல் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்து பெரும்பாலான பெட்டிகளைக் காலியாக்கியது. தேனை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு வேலை தேடிப் போயின. எஞ்சிய கூடுகளைப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மீண்டது. மார்த்தாண்டம் தேனுக்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது. அந்த வைரஸுக்குக் களைக்கொல்லி காரணம் என்று நாம் சொல்லவில்லை. அப்படி ஒரு நோய் மறுபடி வரும் நாளில், குடல்காவல் இழந்த கூடுகளோடு அதை எதிர்கொள்ளக் கூடாது என்கிறோம்.

ரப்பர் தளிர் தேன் கொடுக்கும், மகரந்தம் கொடுக்காது. புழுவை வளர்க்க மகரந்தம் வேண்டும். அதற்குத் தேனீ தென்னைக்கும், மரத்தடியில் பூத்துக் கிடக்கும் தொட்டாற்சுருங்கிக்கும் இறங்கி வருகிறது. மருந்து அடிப்பது அங்கேதான்.

மண்ணுக்குள்ளும் இதே கதை நடக்கிறது. இளம் ரப்பர்த் தோட்டங்களில் பியூராரியா, மியூக்குனா போன்ற பயறுவகைக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கச் சொல்கிறது ரப்பர் வாரியம். அந்தக் கொடிகளின் வேர் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டு ரைசோபியம் என்னும் பாக்டீரியாவை அழைக்கிறது. அது பதில் கொடுத்து உள்ளே நுழைந்து, வேர்முடிச்சுக்குள் இருந்தபடி காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. மண்ணில் யூரியா மிகுந்தால் கொடி முடிச்சைக் குறைத்துக்கொள்ளும். சில பயறு வகைகளின் வேர்முடிச்சு பாக்டீரியாக்கள் கிளைபோசேட்டுக்கும் தாக்குப்பிடிப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் உரத்தை மருந்து அடித்து அழித்துவிட்டுக் கடையில் மூட்டை வாங்குவதில் என்ன லாபம்?

தோட்டக்காரர்களின் சிரமத்தை நாம் அறியாமல் இல்லை. காடு வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்களுக்குப் புதருக்குள் பாம்பு பயம் உண்டு. இந்தச் சிரமத்துக்குப் பதில் சொல்லாத எந்தத் தடையும் ஏட்டில்தான் இருக்கும். ஆகவே புல்வெட்டும் இயந்திரத்துக்கு மானியமும், சிறு தோட்டங்களுக்கு அதை வாடகைக்குக் கொடுக்கும் ஏற்பாடும் தடைக்கு முன்பே வர வேண்டும்.

சட்டத்தில் வழி இருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் களைக்கொல்லியையும் உள்ளடக்கியது. மனிதருக்கோ விலங்குக்கோ ஆபத்து என்று கருதினால், ஒரு மருந்தின் விற்பனையையும் பயன்பாட்டையும் 60 நாள்கள் வரை நிறுத்தி வைக்க அதன் 27-ஆவது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. விலங்கு என்பதற்கு அந்தச் சட்டம் தரும் பொருள், மனிதருக்குப் பயன்படும் விலங்கு. தேனீயைவிடப் பயன்படும் உயிர் எது? கேரளம் 2019-லேயே கிளைபோசேட் விற்பனைக்குத் தடை விதித்தது. மனிதருக்கும் விலங்குக்கும் ஆபத்து என்று காரணம் காட்டி, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் தவிர வேறு யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய வேளாண் அமைச்சகமே 2022 அக்டோபரில் ஆணையிட்டது. நம் தோட்டங்களில் தோளில் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அந்தப் பணியாளர்கள் அல்லர்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. குமரித் தேன்பெட்டிகளும் ரப்பர்க் காலத்தில் கேரளப் பக்கம் போய் வருகின்றன. இரு பக்கத்துக்கும் ஒரே விதி இருப்பதே இந்தத் தொழிலுக்கு நல்லது.

தமிழக அரசு தொடங்க வேண்டிய இடம் அதன் கையிலேயே இருக்கிறது. கீரிப்பாறையிலும் கோதையாற்றிலும் அரசு ரப்பர் கழகத்துக்குத் தோட்டங்கள் உள்ளன. வரும் தளிர்க் காலத்தில் தன் தோட்டங்களில் களைக்கொல்லி அடிக்கப்படாது என்று கழகம் முதலில் அறிவிக்கட்டும். பத்மநாபபுரம் சார் ஆட்சியர், தேனீ வளர்ப்போரையும் ரப்பர் விவசாயிகளையும் வேளாண் துறையினரையும் மார்கழிக்குள் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும். தை பிறந்த பிறகு கூடிப் பேசினால் அந்த ஆண்டு தேனுக்கு அது உதவாது.