கூட்டுச் சிரிப்பும் ஒற்றைக் கையெழுத்தும்

"நீங்கள் எப்படி அந்தக் கூத்தில் போய்ச் சேர்ந்தீர்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இந்தப் பத்திரிகையில் கவிதை பற்றி எழுதுகிற ஒருவன், இணையத்தில் நாலு பேரோடு உட்கார்ந்து சினிமாவைக் கிண்டல் செய்வது அவருக்கு ஒரு வீழ்ச்சியாகப் படுகிறது. அவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிரிப்பு விமர்சனத்துக்கு எதிரி அல்ல. தமிழில் விமர்சனம் என்று நடமாடுகிற பல கட்டுரைகளின் இறுகிய முகத்துக்குப் பின்னால் அபிப்பிராயம் என்று ஒன்று இருப்பதே இல்லை. ஒரு போலிப் படத்தின் போலித்தனம் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துச் சிரிக்கிறவன், அதைப் பற்றி இருபது பக்கம் எழுதி எதையும் தொடாதவனைவிட மேலான விமர்சகன். நான் போனதில் எனக்கு வெட்கமில்லை. வெளியே வந்த காரணத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அது என் சொந்த மனஸ்தாபம் மட்டுமல்ல.

பேசுகிறவர்கள் நாங்கள் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டு மொட்டைமாடி அறையில் படப்பிடிப்பு. வாரநாட்களில் வங்கியிலிருந்து வந்து, இரவில் நான் வசனம் எழுதுவேன். பதினொரு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு படம் வந்தது. அதைக் கிழிப்பது என்று பார்ப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. படம் மோசம்தான். ஆனால் ஒரு காட்சி, வேலை போனதை வீட்டில் சொல்லாத தகப்பன் மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கிற காட்சி, உண்மையாக இருந்தது. காமிரா முன்னால் இரண்டு நிமிஷம் அதைப் பற்றிப் பேசினேன். நிகழ்ச்சி வெளியானபோது அந்த இரண்டு நிமிஷம் இல்லை. வெட்டியதுகூடப் பரவாயில்லை. அதே காட்சியை இன்னொருவர் நையாண்டி செய்கிற இடத்தில், வேறெதற்கோ நான் விழுந்து விழுந்து சிரித்த முகம் ஒட்டப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "ஓட்டம் கெடுது சார்" என்றார்கள்.

அதாவது, என் கருத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் சிரிப்பை வைத்துவிட்டார்கள். பார்த்தவர்களுக்கு நான் அந்தத் தகப்பனைப் பார்த்துச் சிரித்தவன்.

வங்கியில் கூட்டுக் கணக்கு இரண்டு விதம். இருவரில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம் என்பது ஒன்று. இருவரும் சேர்ந்தே போட வேண்டும் என்பது மற்றது. இரண்டாவது வகையில் ஒரு கையெழுத்தோடு வருகிற செக்கை நான் திருப்பி அனுப்புவேன். எவ்வளவு நெருங்கிய சிநேகிதர்கள் என்பது அங்கே பேச்சல்ல. இணையத்தின் சிரிப்பு விமர்சனங்களில் 'நாங்கள்' என்ற பெயரில் கணக்குத் தொடங்குகிறார்கள். தீர்ப்பில் ஒருவர் கையெழுத்துத்தான் இருக்கிறது.

இது கலையின் தலையெழுத்தல்ல. 1975ல் சிகாகோவின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, ஊரின் இரண்டு போட்டிப் பத்திரிகைகளின் விமர்சகர்களை ஒரே நிகழ்ச்சியில் உட்கார வைத்தது. ஒருவர் ரோஜர் ஈபர்ட், மற்றவர் ஜீன் சிஸ்கெல். அது நகைச்சுவை நிகழ்ச்சி அல்ல. ஆனாலும் அவர்கள் மோதிக்கொண்டபோது ஜனங்கள் சிரித்தார்கள். இங்கே 'ஓட்டம் கெடும்' என்று வெட்டப்படுகிற அதே முரண்தான் அங்கே ஓட்டமாக இருந்தது. 1988ல் மினியாபோலிஸில் ஒரு உள்ளூர் நிலையத்தில் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' தொடங்கியது. ஒரு மனிதனும் இரண்டு பொம்மை ரோபோக்களும் மட்டமான படங்களைப் பார்த்தபடி கேலி செய்வார்கள். அதை ஆரம்பித்த ஜோயல் ஹாட்ஜ்சன் 1993ல் விலகினார். தலைமை எழுத்தாளராக இருந்த மைக் நெல்சன் அவர் இடத்தில் உட்கார்ந்தார். நிகழ்ச்சி 1999 வரை ஓடியது. முகம் மாறியும் அது நின்றுவிடாததற்குக் காரணம், அந்தச் சிரிப்பு ஒரு முகத்தின் சொத்தாக இல்லாமல் எழுதுகிறவர்கள் கூடியிருந்த ஒரு அறையில் பிறந்ததுதான்.

இணையத்துக்கு வருவோம். 'நாஸ்டால்ஜியா கிரிட்டிக்' என்ற கோபக்கார வேஷத்தில் பழைய படங்களைக் கிழித்துப் பிரபலமானவர் டக் வாக்கர். 2008ல் அவருக்கென்று ஒரு தளம் வந்தது. வேறு பல சிரிப்பு விமர்சகர்களும் அதில் சேர்ந்தார்கள். ஆண்டு விழாவுக்கு எல்லோரையும் கூட்டிப் படம் எடுத்தார்கள். 2010ல் 'கிக்காசியா', 2012ல் 'டு போல்ட்லி ஃப்ளீ', மூன்று மணி நேரத்துக்கு மேல். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பெரிய குடும்பமாகத் தெரிந்தது. 2018 ஏப்ரலில் அந்தக் குடும்பத்தின் முன்னாள் உறுப்பினர்கள் எழுபது பக்கங்களுக்கு மேல் ஒரு ஆவணம் வெளியிட்டார்கள். கூலியில்லாத உழைப்பு, படப்பிடிப்புகளில் அலட்சியம், தங்கள் பேச்சைக் காதில் வாங்காத நிர்வாகம் என்பவை அதில் அவர்கள் வைத்த புகார்கள். நிறுவனம் சிலவற்றை மறுத்தது. மீதியிருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். எந்தப் புகார் எவ்வளவு சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஊரார் படங்களின் பொய்யை இத்தனை கூர்மையாகக் கண்டுபிடிக்கிறவர்கள், தங்கள் நடுவில் இருப்பதை எழுபது பக்கமாகச் சேரும்வரை ஏன் பேச முடியவில்லை? எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டிய இடத்தில் முகம் சுளிக்கிறவன் துரோகி ஆகிவிடுகிறான். அதனால்தான்.

"சிறுபத்திரிகைக்காரன் கூலி பற்றிப் பேசலாமா?" என்று கேட்பீர்கள். நியாயம். எங்களுக்கும் யாரும் காசு கொடுத்ததில்லை. கோஷ்டி சேர்த்துக்கொண்டு ஒருவர் கவிதையை ஒருவர் புகழ்வதும் இங்கே உண்டு. ஆனால் நான் எழுதியதில் உடன்பாடில்லாத ஆசிரியர் அதை அப்படியே அச்சிட்டு, அடுத்த இதழில் என்னைக் கிழித்திருக்கிறார். என் வாக்கியத்தை நீக்கிவிட்டு என் பெயரில் 'ஆமாம்' என்று எவரும் போட்டதில்லை.

எனக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் பதினொரு மாதமும் எடிட்டிங் செய்த பெண்ணின் பெயர் ஒரு நிகழ்ச்சியின் முடிவிலும் வரவில்லை. என் முகம் திருடப்பட்ட பிறகுதான் நான் அதைக் கவனித்தேன். என் சிரிப்பை அங்கே ஒட்டச் சொன்னது யார் என்று அவரிடம் கேட்டபோது, "நீங்க எழுதிக் குடுத்த ஸ்கிரிப்ட்ல 'எல்லாரும் சிரிக்கிறாங்க'ன்னுதானே சார் இருந்தது" என்றார். இருந்தது. நான்தான் எழுதியிருந்தேன், படத்தைப் பார்ப்பதற்கு முன்பு.

ஆகவே, இன்னொரு தடவை யாராவது கூப்பிட்டால் போவேன். மூன்று விஷயங்களை முதலிலேயே கேட்பேன். படம் பார்க்கும் முன் வசனம் எழுதச் சொல்வீர்களா? எனக்குப் பிடித்துவிட்டால் அதையும் காட்டுவீர்களா? எடிட்டிங் செய்கிறவர் பெயர் எங்கே வரும்? இதற்குச் சிரித்து மழுப்புகிறவர்களோடு சேர்ந்து சிரிப்பதற்கு எனக்கு இஷ்டமில்லை.